ஒரு ஜோடி வெள்ளிக் கால்

கோயிலுக்குப் புறப்படும் காலை நேரம். என் மனைவி பாக்கியம் அடுப்பில் பால் வைத்திருந்தாள். நான் வேட்டி கட்டிக்கொண்டிருந்தேன். மகள் அஞ்சலை சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயது இருக்கும்.

பக்கத்தில் பித்தளைத் தாம்பாளம். தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம். நடுவில் ஒரு ஜோடி கால். வெள்ளித் தகட்டில் செய்தது. என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும்.

உடம்பில் எங்கே குறையோ அதை வெள்ளியில் செய்து சாமிக்குப் போடுவது நம் வழக்கம். கண் நோய்க்குக் கண். கை உடைந்தால் கை. நான் வருஷா வருஷம் முருகனுக்குக் கால் போட்டுக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது யாரு காலுப்பா?"

"உன் காலுதான்."

அவள் பாவாடையைத் தூக்கினாள். தன் காலுக்குப் பக்கத்தில் வெள்ளிக் காலை வைத்தாள்.

அவள் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறவியிலேயே அப்படி. இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு கிடையாது. கீழ்க்கால் குட்டையாக உள்பக்கம் வளைந்திருக்கும். பாதங்கள் ஒன்றை ஒன்று பார்த்தபடி திரும்பியிருக்கும். வலதில் நான்கு விரல், இடதில் மூன்று. முழங்கால் நிமிராது. நிற்க முடியாது. லாரி டியூப் ரப்பரை முழங்காலில் கட்டிக்கொண்டு ஊர்ந்துதான் போவாள். நல்ல வேகமாகப் போவாள். சரக் சரக் என்று தரையில் சத்தம் வரும்.

வெள்ளிக் காலையும் தன் காலையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"இல்லப்பா. என் காலு இப்படி இல்ல. இது உங்க காலு."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. பாக்கியம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இறக்கவில்லை.

தார் ஒட்டிய கால்

அவளுக்கு என் கால் நன்றாகத் தெரியும்.

நான் மலாக்கா டவுனில் சடக்கு வேலை, ரோடு போடும் வேலை, செய்தவன். கல் பரப்புவோம், தார் ஊற்றுவோம். காலில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்போம். அப்படியும் தார் தெறிக்கும். செமாபோக் சடக்கு போட்டபோது தெறித்த தழும்பு இன்னும் வலது கணுக்காலில் இருக்கிறது. அந்தக் கதையை இந்தப் பத்திரிகைத் தொடரில் போன வாரம் சொன்னேன்.

வேலை விட்டு வந்து வாசற்படியில் உட்காருவேன். அஞ்சலை தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவாள். பழைய துணியில் எண்ணெய் தொட்டு என் காலில் காய்ந்த தாரை ஒவ்வொரு பொட்டாகத் தேய்த்து எடுப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்கு அது விளையாட்டு.

"இந்த வெரலு ஏன் நீட்டா இருக்கு?"

"எல்லாருக்கும் அப்படித்தான்."

"எனக்கு இல்லையே."

இப்படி ஏதாவது பேசுவாள். அதனால்தான் அந்த வெள்ளிக் கால் யாருடையது என்று ஒரு பார்வையில் சொன்னாள்.

இதுவரை வந்த வாரங்கள் எல்லாம் நான் சொல்லச் சொல்ல அஞ்சலை எழுதியவை. நான் ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. என் வாய்ப்பேச்சை அவள்தான் ஒழுங்குபடுத்தி அனுப்புவாள். இந்த வாரம் நானே எழுதுகிறேன். பிழை இருக்கும். பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

அவளுக்குத் தெரியாத ஒன்றை எழுதப்போகிறேன். அவளிடமே சொல்லி எழுத வைக்க முடியாது.

பயத்தங்காய்

அவள் வயிற்றில் இருந்தபோது ஒரு சாயங்காலம் கிரகணம் பிடித்தது. பிள்ளைத்தாய்ச்சி கிரகணத்தில் எதையும் வெட்டக்கூடாது, ஒடிக்கக்கூடாது, உள்ளே படுத்திருக்க வேண்டும் என்பார்கள். பாக்கியத்துக்கு அன்று கிரகணம் என்று முன்னமே தெரியாது. எனக்கும் தெரியாது. நாங்கள் புக்கிட் ரம்பாய் பக்கத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சொல்ல ஆள் இல்லை.

பிள்ளை பிறந்ததும் தெரிந்த பெண்கள் பார்க்க வந்தார்கள். துணியை விலக்கிப் பார்த்தார்கள்.  பிறகு ஒருத்தி கேட்டாள்.

"கிரகணத்தன்னிக்கு என்னா செஞ்சிக்கிட்டு இருந்த?"

பாக்கியம் யோசித்தாள்.

"பயத்தங்கா ஒடிச்சேங்க்கா. கொளம்புக்கு."

"எப்படி ஒடிச்ச?"

"ரெண்டு ரெண்டாத்தான்."

"பாத்தியா. ரெண்டு காலு."

அதோடு முடிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பயத்தங்காய் சமைத்ததில்லை.

நான் அவளை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பசாருக்குப் போகும்போது காய்கறிக் கடையில் பயத்தங்காய்க் கட்டைப் பார்த்தால் கொஞ்சம் நிற்பேன். அவள் பார்க்கும்படி நிற்பேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் போய்விடுவாள். திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குத் திட்டியிருப்பாள்.

பெரியாஸ்பத்திரி

நாங்கள் இருந்தது காஜா பெராங்கில், கம்போங் செட்டியை ஒட்டிய ஒரு வாடகை வீடு. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெய்வானை. மலாக்கா செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன் இங்கே வந்த தமிழர் வழி. சாமி நம் சாமி. பெயர் நம் பெயர். பேச்சு மட்டும் மலாய். மலாய்க்காரப் பெண்கள் மாதிரி கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு நெற்றியில் விபூதி வைத்திருப்பார். என்னை அபாங் என்பார். அண்ணன் என்று அர்த்தம். அவருக்கு வாய் அதிகம். அவர் சொன்னதை எல்லாம் தமிழில்தான் எழுதுகிறேன்.

அஞ்சலைக்கு மூன்று வயது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லித் தெய்வானைதான் பிடுங்கி எடுத்தார். போகிற அன்று பாக்கியத்துக்குக் காய்ச்சல். எனக்குத் தெரிந்தது சடக்கு மலாய். அதனால் அவரே துணைக்கு வந்தார்.

வெள்ளைக்கார டாக்டர். நெட்டையானவர். அஞ்சலையின் காலைப் பிடித்து நீட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். அவள் அழவில்லை. அவர் கழுத்துக் குழாயைப் பிடித்து இழுத்தாள். அவர் சிரித்தார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பு தெரிந்தது. அதற்குக் கீழே குச்சி மாதிரி ஒரே ஒரு எலும்பு. பெரிய எலும்பு இருக்க வேண்டிய இடம் காலி. இரண்டு காலிலும் அப்படியே.

டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். பக்கத்தில் நின்ற மிஸி, நர்ஸம்மா, அதை மலாயில் சொன்னார். தெய்வானை அதை எனக்குப் புரிகிற மலாயில் சொன்னார். மூன்று வாய் தாண்டி என்னிடம் வந்தது.

"இந்தக் காலு எத்தனை வருஷமானாலும் நிமிராதாம். முழங்காலோட எடுத்துட்டு மரக்கால் மாட்டினா நடப்பாளாம். மூணு வயசு நல்ல வயசாம். இப்பச் செஞ்சா சீக்கிரம் ஓடிடுவாளாம்."

"எடுத்துட்டுன்னா?"

தெய்வானை மிஸியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெட்டி, அபாங்."

மிஸி ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார்.

நான் எழுந்தேன். பிள்ளையைத் தூக்கினேன். வெளியே வந்துவிட்டேன்.

தெய்வானை பின்னாலேயே ஓடி வந்தார். பஸ் நிற்கும் இடத்தில் பிடித்துக்கொண்டார்.

"என்னா அபாங் இப்படி வந்துட்டீங்க? நல்லாத்தானே சொன்னாரு?"

"சாமிக்கு நேந்துக்கிட்டு இருக்கேன். காலை வெட்டிட்டா சாமி எதைச் சரி பண்ணும்?"

சிரிக்காதீர்கள். எனக்கு அன்று அதுதான் நியாயமாகப் பட்டது. வளைந்த கால் இருந்தால் ஒருநாள் நிமிரலாம். இல்லாத கால் எப்படி நிமிரும்?

தெய்வானை கொஞ்சம் யோசித்தார்.

"டாக்டர் மரக்கால் தரேங்கிறாரே, அவரை யாரு அனுப்பினதுன்னு நினைக்கிறீங்க?"

 பஸ் வந்தது.

வீட்டில் பாக்கியம் போர்வையோடு எழுந்து உட்கார்ந்தாள். "என்னாங்க சொன்னாங்க?" என்றாள்.

"ஒண்ணும் செய்ய முடியாதாம்" என்றேன்.

தெய்வானை வேலி ஓரம் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு என் தமிழ் முழுசாகப் புரிந்திருக்காது. பாக்கியம் அழுததைப் பார்த்துப் புரிந்துகொண்டார். மறுநாள் கிணற்றடியில் என்னிடம் சொன்னார்.

"நான் சொல்லமாட்டேன், அபாங். இது உங்க வாயால வரணும். ஆனா கேட்டுக்கிட்டே இருப்பேன்."

கொடி மாறியபோது

அந்த டாக்டர் இன்னும் கொஞ்ச மாதம் இங்கே இருப்பாராம். மனசு மாறினால் வரச் சொல்லித் தெய்வானையிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதற்குள் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. டவுன் முழுக்கத் தோரணம். எங்களுக்கு ஒரு வாரம் ஓயாத வேலை. ஊர்வலம் போகும் சடக்கில் ஒரு குழி இருக்கக்கூடாது என்று உத்தரவு.

அன்று நான் அஞ்சலையை வெளியே கொண்டுபோகவில்லை. கூட்டத்தில் எல்லோரும் பார்ப்பார்கள். பாக்கியமும் வீட்டிலேயே இருந்தாள். தூரத்தில் பேண்டு சத்தம் கேட்டது. அஞ்சலை ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தலையாட்டினாள்.

நான் குளிக்கப் போன நேரம் தெய்வானை வந்து அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாக்கியம் தடுக்கவில்லை.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். அஞ்சலை கையில் ஒரு காகிதக் கொடி. முழங்கால் ரப்பரில் இன்னொன்றைச் செருகியிருந்தாள். முகமெல்லாம் ஐஸ் சாயம்.

"யாரைக் கேட்டுத் தூக்கிக்கிட்டுப் போனீங்க? ஊரெல்லாம் பாத்திருக்கும்."

"ஊரெல்லாம் கொடியைப் பாத்துச்சு, அபாங். இவ காலை யாரு பாத்தா? டாக்டரும் அங்கதான் நின்னாரு. இவளைப் பாத்துக் கையாட்டினாரு. இன்னும் போகல, ஞாபகம் வச்சிக்கிங்க."

நான் கொடியைப் பிடுங்கப் போனேன். பிள்ளை சரக் சரக் என்று கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அங்கிருந்து சிரித்தாள். 

சில மாதம் கழித்துத் தெய்வானை வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"டாக்டர் கப்பல் ஏறிட்டாரு."

"வேற டாக்டர் வருவாரு."

"வருவாரு. அப்ப இவளுக்கு என்னா வயசு இருக்கும்?"

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. இனி அந்தத் தாளை யாரும் நீட்டமாட்டார்கள் என்று நினைத்தேன்.

சிமெண்டுக் காகிதம்

திரும்ப அந்தக் காலை நேரத்துக்கு வருகிறேன். தாம்பாளம், பொங்கிய பால்.

அஞ்சலை வெள்ளிக் காலைத் தாம்பாளத்தில் வைத்தாள். அழவில்லை. கோபமும் இல்லை. ஒரு வேலை தப்பாக நடந்திருப்பதைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தாள்.

"தப்பான காலைக் குடுத்தா சாமிக்கு எப்படிப்பா தெரியும்? என்னைத் தேடிக்கிட்டு உங்ககிட்ட வந்துடும்."

பாக்கியம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியாது.

கோயிலிலிருந்து வந்ததும் அஞ்சலை ஒரு வேலை செய்தாள். நான் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த சிமெண்டு மூட்டைக் காகிதம் வீட்டில் கிடந்தது. அதை விரித்து, காலைப் பக்கவாட்டில் வைத்து, அடுப்புக்கரியால் சுற்றி வரைந்தாள். முதலில் வலது, பிறகு இடது. நான்கு விரல், மூன்று விரல். நாலாக மடித்து என்னிடம் தந்தாள்.

"ஆசாரிகிட்ட குடுங்க. அடுத்த வருஷம் இந்த மாதிரி செய்யச் சொல்லுங்க."

அடுத்த வருஷம் ஆசாரி கடைக்குப் போனேன். காகிதம் சட்டைப் பையில் இருந்தது. கடையில் இரண்டு பேர் தாலி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசாரி நிமிர்ந்தார்.

"என்னாண்ணே, வழக்கமான காலுதானே?"

"ஆமா" என்றேன்.

காகிதத்தை எடுக்கவில்லை. வெட்கம். வேறு காரணம் எதுவும் இல்லை.

மொத்தம் பதினோரு வருஷம் போட்டேன். பதினோரு ஜோடி. எல்லாம் என் கால்.

ஐந்தாம் அளவு

எல்லாமே கெட்டதாக நடக்கவில்லை. எட்டு வயதில் அவளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தேன். சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். தெய்வானை மணிச் செருப்புத் தைப்பார், இங்கேயே பிறந்து வளர்ந்த சீனக் குடும்பத்து நோன்யா பெண்கள் போடுவது. சின்னச் சின்னக் கண்ணாடி மணியைத் துணியில் கோத்துத் தைப்பது. அஞ்சலையும் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தாள். பதினைந்து வயதில் ஊர்க் கல்யாணப் பெண்கள் அவளிடம் செருப்புக்குச் சொல்லி வைத்தார்கள்.

அவளுக்குப் பதினாறு நடக்கும்போது பாக்கியம் போய்விட்டாள். நெஞ்சுவலி. கடைசி வாரத்தில்கூட ஒருநாள், "அன்னிக்குக் கொளம்பே வச்சிருக்கக் கூடாது" என்றாள். என்ன குழம்பு என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

அஞ்சலைக்குப் பத்தொன்பது வயது. செருப்பு வாங்க வந்த மிஸி ஒருவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் வந்து கேட்கவில்லை, தெரிவித்தாள்.

"அப்பா, கோலாலம்பூர்ல இந்தக் காலை எடுத்துட்டு மரக்கால் வைக்கிறாங்களாம். நான் போறேன். நீங்க வர்றீங்களா?"

போனேன். சீன டாக்டர். நல்ல மனுஷன். அஞ்சலைக்குப் புரியும்படி மலாயில் பேசினார். காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதைச் சின்ன வயசுலயே செஞ்சிருக்கணும். அப்ப யாரும் சொல்லலையா?"

 அஞ்சலைதான் சொன்னாள்.

"அந்தக் காலத்துல எங்க டாக்டர் வைத்தியம் எல்லாம், டாக்டர்? எங்கப்பா கோயில் கோயிலா போனாரு."

எனக்காகப் பேசினாள். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். இன்றுவரை.

அதே டாக்டர்தான் இன்னொன்றும் சொன்னார். வயிற்றில் பிள்ளைக்குக் கால் உருவாவது இரண்டாம் மாதம். அப்போதே அந்த எலும்பு வராமல் போயிருக்கிறது. தாய் தகப்பன் செய்ததால் இல்லை. சாப்பிட்டதால் இல்லை, பார்த்ததால் இல்லை. சில பிள்ளைகள் இப்படிப் பிறப்பார்கள்.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். கிரகணம் வந்தபோது பாக்கியத்துக்கு ஆறாம் மாதம். பயத்தங்காய் ஒடித்தபோது கால் எப்போதோ உருவாகி முடிந்துவிட்டது. சொல்வதற்கு அவள் இல்லை.

இந்த முறை தாளில் அஞ்சலையே கையெழுத்துப் போட்டாள். கீழே நானும் போட்டேன்.

காயம் ஆற மாதக்கணக்கில் ஆயிற்று. மரக்கால் செய்யும் இடத்தில் பாதம் என்ன அளவு வேண்டும் என்று கேட்டார்கள்.

"அஞ்சு. கல்யாணப் பொண்ணுங்க எல்லாம் அஞ்சுதான் கேக்குறாங்க."

அங்கிருந்த ஆள் வாய்விட்டுச் சிரித்தார்.

முதல் நாள் இரண்டு கட்டைக்கு நடுவே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எதிரே நின்றேன். அவள் முகம் என் தோளுக்கு மேலே இருந்தது. அது இவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷம் குனிந்து குனிந்தே பேசியிருக்கிறேன்.

நடக்கப் பழக அவளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நிறைய விழுந்தாள். அவள் விழும்போதெல்லாம் அந்த நெட்டை டாக்டர் சொன்னது எனக்குக் கேட்கும். சீக்கிரம் ஓடிடுவாளாம்.

சொன்னீங்களா?

தெய்வானை சொன்னபடியே கேட்டுக்கொண்டிருந்தார். செட்டி வீடுகளில் செத்துப்போனவர்களுக்குப் படையல் வைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். வருஷத்தில் ஒன்று பொங்கலுக்கு முன்னால். இன்னொன்று பழக் காலத்தில். இரண்டுக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு வரும். தட்டைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

"சொன்னீங்களா, அபாங்?"

"இல்ல."

"சரி. மங்குஸ்தீன் நல்லா இருக்கு, சாப்பிடுங்க."

திட்டமாட்டார். அடுத்த தடவையும் கேட்பார். பாக்கியம் இருந்தபோது கேட்டார். அவள் போன பிறகும் கேட்டார். எத்தனையோ வருஷம்.

போன மாதம் தெய்வானை போய்விட்டார். அஞ்சலை எல்லோருக்கும் முன்னால் போய் அவர் தலைமாட்டில் நின்றாள். அவர் தைத்த செருப்பு ஒரு ஜோடி அவள் மரக்காலில் இருந்தது. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். இனி என்னைக் கேட்க ஆள் இல்லை என்பது அங்கேதான் உறைத்தது. முன்பு டாக்டர் கப்பல் ஏறியபோது வந்த நிம்மதி இப்போது வரவில்லை.

எழுதிய தாள்களை நானே உறையில் போட்டு ஒட்டி அனுப்புகிறேன். இந்த வாரம் என்ன எழுதப்போகிறீர்கள் என்று அஞ்சலை கேட்டாள். பழைய சடக்குக் கதைதான், நானே எழுதிப் பழகுகிறேன் என்றேன். நம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திரிகை வரும். அவள்தான் வாசலுக்குப் போய் எடுத்து வருவாள். டொக் டொக் என்று சத்தம் கேட்கும். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு எனக்குச் சத்தமாகப் படிப்பாள். எல்லா வாரமும் அப்படித்தான். இந்த வாரமும் படிப்பாள். பெரியாஸ்பத்திரி வரும் இடத்தில் குரல் நின்றுபோகலாம்.

சிமெண்டுக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்திருப்பேன். மடிப்பு கிழிந்திருக்கிறது. கரி கொஞ்சம் அழிந்துவிட்டது. விரல்களை இன்னும் எண்ணலாம்.

நான் எதிர் நாற்காலியில் இருப்பேன். அவள் என்ன கேட்டாலும் கேட்கட்டும். கேட்காமல் இருந்தாலும் சரி.

இந்த முறை எழுந்து போகமாட்டேன்.